தள்ளுபடிக்காக அவசரப்பட வேண்டாம்: முக அழகு அறுவை சிகிச்சைக்கு முன்

கேள்வி: எனக்கு வயது 56, தேவகோட்டையில் இருக்கிறேன். இரண்டு மாதத்தில் என் கணவருக்கு மணிவிழா. தளர்ந்துவிட்ட கன்னத்தையும் கழுத்தையும் இறுக்கும் அறுவை சிகிச்சைக்காக மதுரையில் ஒரு தனியார் மையத்தில் விசாரித்தேன். இந்த வாரமே முழுத் தொகையையும் கட்டினால் தள்ளுபடி உண்டு என்கிறார்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும் இதயத்துக்காக ஆஸ்பிரினும் சாப்பிடுகிறேன். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கமும் உண்டு. பணம் கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். அறுவை செய்யப்போகும் மருத்துவரையே நீங்கள் இன்னும் பார்த்ததாகத் தெரியவில்லை. அவர் உங்களைப் பரிசோதிக்கும் முன் பணம் கேட்பது முறையன்று.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது புகையிலைதான். நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், தூக்கித் தைத்த தோலுக்குப் போதிய ரத்தம் செல்லாமல் அது கருகிப்போகும் அபாயம் உண்டு. புகைத்தாலும் மென்றாலும் உடலில் சேர்வது அதே நிகோடின்தான். அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரமாவது அதை அறவே விட வேண்டும். கட்டுப்படாத ரத்த அழுத்தம் இருந்தால் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டிக்கொள்ளும். ஆஸ்பிரின் ரத்தக்கசிவைக் கூட்டும். ஆனாலும் நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள், அது இதயத்துக்கு ஆபத்தாகலாம். இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் கலந்து பேசி முடிவு சொல்லட்டும். மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை, நாட்டு மருந்து என எதைச் சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நாட்களையும் கணக்கிட்டுப் பாருங்கள். புகையிலையை இன்றே விட்டாலும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். பிறகு வீக்கமும் கன்றலும் பெருமளவு வடிய இரண்டு மூன்று வாரம் ஆகும், மரத்த உணர்வோ மாதக்கணக்கில் நீடிக்கலாம். மணிவிழாவைச் சிறப்பாக முடித்துவிட்டு அப்புறம் யோசிப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

பிறகு போகும்போது, மருத்துவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான பட்டம் பெற்றவரா என்று கேளுங்கள். பதிவெண்ணை மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் சரிபாருங்கள். மயக்க மருந்து நிபுணர் யார், நிலைமை மோசமானால் தீவிர சிகிச்சை எங்கே கிடைக்கும் என்பதற்கும் தெளிவான பதில் வேண்டும். அழகுக்காக மட்டும் செய்யும் அறுவைக்கு ஜி.எஸ்.டி. உண்டு, காப்பீடு பொதுவாகக் கிடைக்காது. ஆகவே வரி, மருந்து, அறை வாடகை, மறு அறுவைச் செலவு, ரத்து செய்தால் திரும்பக் கிடைக்கும் தொகை ஆகிய எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். ஒப்புதல் படிவத்தை முதல் நாளே வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படியுங்கள்.

கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்திருக்கிறது. சிகிச்சையில் குறை நேர்ந்தால், 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் வசிக்கும் சிவகங்கை மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். அதற்கு ரசீதும் மருத்துவக் குறிப்புகளும் அவசியம். குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி.