கேசரிப் பவுடர், பஞ்சுமிட்டாய், பிரியாணி: செயற்கை நிறங்கள் பற்றிக் கேள்வி பதில்

உணவு ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் வந்த கேள்விகள் இவை.

தஞ்சாவூரிலிருந்து ஒரு அம்மா: பஞ்சுமிட்டாயைத் தடை செய்தார்களே, ரோஸ் கலர் எல்லாமே விஷமா சார்?

இல்லைங்கம்மா. 2024 பிப்ரவரியில் புதுச்சேரியும் அடுத்துத் தமிழ்நாடும் தடை போட்டதற்குக் காரணம் ரோடமைன் பி. அது துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம். உணவில் துளிகூடக் கூடாது.

அப்போ எதற்கு அனுமதி?

இந்தியாவில் எட்டு செயற்கை நிறங்களுக்கு. டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோய்சின் எல்லாம் அதில் அடக்கம். பெரும்பாலான பண்டங்களில் கிலோவுக்கு 100 மில்லிகிராம்தான் உச்சம். அதாவது சுத்தமான சாயம் 1 கிராம் இருந்தால் 10 கிலோ இனிப்புக்குப் போதும். நம் சமையல்காரர்கள் கண்ணளவில் அள்ளிப் போடுவதை நினைத்துப் பாருங்கள்!

பிரியாணிக் கடைக்காரர்: முத்திரை போட்ட பவுடர்தான் போடுறேன். அப்புறம் ஏன் அபராதம்?

அண்ணே, இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். பவுடருக்கு அனுமதி என்றால் எல்லாச் சாப்பாட்டுக்கும் அனுமதி என்று அர்த்தமில்லை. ஐஸ்கிரீம், பிஸ்கட், இனிப்பு, ஜெல்லி என்று ஒரு பட்டியல் உண்டு. பிரியாணியும் சிக்கன் 65-உம் அதில் இல்லை. மிளகாய்த்தூள், மஞ்சள்தூளிலும் கூடாது. கர்நாடகத்தில் 2024 ஜூனில் கபாப்களில் செயற்கை நிறம் போடக்கூடாது என்று தனி உத்தரவே வந்தது. காஷ்மீரி மிளகாய்க்கு மாறுங்கள், செலவு கொஞ்சம் கூடும்தான்.

அமெரிக்கா 'ரெட் 3' என்ற சிவப்பு உணவு நிறத்துக்குத் தடை போட்டதே?

2025 ஜனவரியில். அதிக அளவு கொடுத்த ஆண் எலிகளுக்குத் தைராய்டில் கட்டி வந்தது. விலங்குக்குப் புற்றுநோய் வந்தாலே அனுமதி கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். எலிக்கு வந்த விதத்தில் மனிதருக்கு வராது என்று தடை போட்ட துறையே சொல்கிறது. வேடிக்கை என்னவென்றால், அழகுசாதனங்களில் அதை 1990-லேயே நிறுத்திவிட்டார்கள். மிட்டாயில் 35 வருடம் விட்டுவைத்தார்கள். நம் பட்டியலில் அதன் பெயர் எரித்ரோசின், எண் 127.

கலர் மிட்டாய் தின்றால் பையன் துள்ளுகிறான். உண்மையா, பிரமையா?

முழுக்கப் பிரமை இல்லை. 2007-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் நடந்த ஆய்வில், சில நிறங்களோடு சோடியம் பென்சோயேட் என்ற கெடாமல் காக்கும் பொருளும் சேர்த்துக் கொடுத்தபோது சில குழந்தைகளிடம் துள்ளல் லேசாகக் கூடியது தெரிந்தது. அதனால் 2010 முதல் ஐரோப்பாவில் ஆறு நிறங்களுக்கு எச்சரிக்கை வாசகம் கட்டாயம். இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். பாக்கெட்டில் அந்த நிறங்களைக் குறிக்கும் 102, 110, 122, 124 என்ற எண்களைத் தேடுங்கள்.

மஞ்சள்தூளை வீட்டிலேயே சோதிக்கலாமா?

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டு, கலக்காமல் விடுங்கள். நல்ல தூள் அடியில் படியும், தண்ணீர் வெளிர் மஞ்சளாக இருக்கும். அடர் மஞ்சளாக மாறினால் சந்தேகம்தான். ஆசிட் ஊற்றும் சோதனையை எங்களிடம் விட்டுவிடுங்கள்.