அரசு பிட்ச் போட்டிக்குப் போகிறீர்களா? வேலூர் வட்டாரக் கேள்விகளும் பதில்களும்

புதுமையான சிறுதொழில்களுக்கு அரசு நடத்தும் பிட்ச் போட்டிகளில் (நடுவர்கள் முன் யோசனையை விளக்கி நிதி கேட்கும் போட்டிகளில்) கலந்துகொள்ளப் போகும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், ஆரணிப் பக்கத்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

குடியாத்தம்: அண்ணா, விசைத்தறியில பாவு இழை அறுந்தா உடனே விளக்கு எரியிற மாதிரி ஒரு சின்னக் கருவி செஞ்சிருக்கேன். என் பேர்ல உத்யம்ங்கிற சிறுதொழில் பதிவு மட்டும்தான் இருக்கு. எதுல சேரலாம்?

தம்பி, தனிநபர் தொழிலாக இருந்தால், தமிழக அரசின் தொடக்க நிறுவன நிதித் திட்டமான டான்சீட்டுக்குப் போக முடியாது. அதற்குக் கம்பெனியாகப் பதிவு செய்து, மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரமும் வாங்கியிருக்க வேண்டும். அந்த அங்கீகாரம் பிரைவேட் லிமிடெட், எல்எல்பி (பங்குதாரர் பொறுப்பு வரையறுக்கப்பட்ட கூட்டு நிறுவனம்), பதிவு செய்த கூட்டாண்மை போன்ற அமைப்புகளுக்குத்தான். தனிநபர் தொழிலுக்குக் கிடையாது.

அதற்காக நாளைக்கே பிரைவேட் லிமிடெட் தொடங்கிவிடாதீர்கள். ஒரு ரூபாய் விற்பனை இல்லாவிட்டாலும் வருடா வருடம் ஆடிட் உண்டு, கம்பெனிப் பதிவாளரிடம் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். இப்போதைய நிலையில் உங்களுக்குப் பொருந்துவது இரண்டு. ஒன்று, தமிழக அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் நடத்தும் இன்னோவேஷன் வவுச்சர் திட்டம். யோசனையை மாதிரியாகச் செய்து சோதிக்க 2 லட்சம் வரையும், அடுத்த கட்டத்துக்கு 5 லட்சம் வரையும் கிடைக்கும். இன்னொன்று, மத்திய எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) அமைச்சகத்தின் ஐடியா ஹேக்கத்தான் என்ற யோசனைப் போட்டி. அதில் ஒரு யோசனைக்கு 15 லட்சம் வரை உண்டு. ஆனால் ஹோஸ்ட் இன்ஸ்டிடியூட் எனப்படும் ஒரு நிறுவனத்தின் வழியாகத்தான் போக வேண்டும். உங்கள் ஊரிலிருந்து 30 கிலோமீட்டரில் விஐடி பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப இன்குபேட்டர் (புதுத் தொழில்களை வளர்த்துவிடும் மையம்) இருக்கிறது. முதலில் அங்கே கேளுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு வேலை. நான்கு தறிக்காரர்களிடம் ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்து, ஒரு ஷிப்டில் எத்தனை முறை இழை அறுந்தது, கண்டுபிடிக்க எத்தனை நிமிடம் ஆனது, எத்தனை அங்குலம் துணி வீணானது என்று இரண்டு வாரம் எழுதச் சொல்லுங்கள். நடுவர் கேட்கும் முதல் கேள்விக்கு அந்த நோட்டுதான் பதில்.

ராணிப்பேட்டை: சார், பச்சைத் தோலில் இருக்கும் உப்பைத் தட்டி எடுக்கும் சுழல் கூண்டு செய்திருக்கிறோம். "சுற்றுச்சூழலைக் காக்கிறோம்" என்று சொன்னால் நடுவர்கள் மேலே கேட்பதே இல்லை. ஏன்?

ஏனென்றால் அந்த மேடையில் ஏறும் எல்லாரும் அதையே சொல்கிறார்கள். உங்கள் கையில் இருப்பது அதைவிடப் பெரிய விஷயம். அதை எண்ணாகச் சொல்லுங்கள்.

பதப்படுத்தத் தோலின் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் உப்புப் போடுகிறார்கள். அதில் தட்டி எடுக்காமல் விட்டதெல்லாம் ஊறல் தொட்டிக்குப் போய்க் கரைகிறது. கழிவுநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஊறல் நீரிலோ அது பல்லாயிரக்கணக்கில் நிற்கும். உப்பு ஒரு தடவை கரைந்துவிட்டால் பிறகு ஆவியாக்கித்தான் பிரிக்க வேண்டும். செலவு முழுக்க அங்கேதான். ஆகவே உங்கள் கூண்டு மிச்சப்படுத்துவது உப்பை மட்டும் அல்ல, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தோல் தொழிற்சாலை கட்டும் பணத்தையும்தான். ஸ்லைடில் இதுதான் பெரிய எழுத்தில் வர வேண்டும்.

சோதனையை இப்படிச் செய்யுங்கள். ஒரே லாட்டிலிருந்து 200 தோல் எடுத்து, 100 தோலை வழக்கப்படி கையால் உதறுங்கள், 100 தோலைக் கூண்டில் போடுங்கள். இரண்டையும் ஒரே அளவு தண்ணீரில், ஒரே நேரம் ஊற வையுங்கள். பலரும் கோட்டை விடுவது மூன்று இடத்தில்:

விழுந்த உப்பை ஈரத்தோடும் முடியோடும் எடை போட்டால் எண் ஊதிப்போகும். காயவைத்து, சலித்து நிறுங்கள்.

கரைந்த திடப்பொருளை அளக்கக் கடையில் விற்கும் பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டர் பெரும்பாலும் 9990 பிபிஎம் (ஏறத்தாழ லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம்) வரைதான் காட்டும். ஊறல் நீரில் வைத்தால் அளவு தாண்டிவிடும். அது உண்மையில் அளப்பது மின்கடத்துதிறனை. அதையே திடப்பொருளாகக் கணக்குப்போட்டுக் காட்டுகிறது. என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்து, ஆவியாக்கி எடை போடும் முறையில் அறிக்கை வாங்குங்கள். கூண்டு ஒன்று, கை உதறல் ஒன்று என இரண்டு மாதிரியும் ஒரே நாளில் போகட்டும்.

மூன்றாவது, தோலின் முகம், அதாவது மேல்பரப்பு. கூண்டில் சுழலும்போது கீறல் விழுகிறதா என்று வாங்குபவர் கட்டாயம் கேட்பார். பதனிட்ட பிறகு இரண்டு தொகுதியையும் தரம் பிரித்த கணக்கு கையில் இருக்க வேண்டும்.

இலவம்பாடிப் பக்கம்: முள்ளுக்கத்திரிக்காயை வற்றலாக்கி 100 கிராம் பாக்கெட் 60 ரூபாய்க்கு விற்கிறோம் அண்ணா. நல்லா ஓடுது. விலைக் கணக்கில் என்ன காட்டணும்?

நன்றாக ஓடுவது சந்தோஷம்தான். ஆனால் ஓடும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் நஷ்டம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எண்கள் உங்களுடையதாக மாறலாம், கணக்குப் போடும் விதம் இதுதான்.

100 கிலோ காய் வாங்கினால் காம்பு, சொத்தை என்று 12 கிலோ போகும். மீதி 88 கிலோவில் தண்ணீர் நீங்கலாக இருப்பது 8 சதவீதம், அதாவது 7 கிலோ. வற்றலில் 10 சதவீத ஈரம் விட்டால் கைக்கு வருவது 7.8 கிலோ. ஆக ஒரு கிலோ வற்றலுக்கு 13 கிலோ காய். கிலோ 25 ரூபாய் என்றால் காய்க்கு மட்டும் 325 ரூபாய். பாக்கெட்டுக்கு 32.50. கவர், லேபிள் 4, கூலி 8, எரிபொருள் 3, வண்டி 3 சேர்த்தால் 50.50.

60 ரூபாய் விலையில் கடைக்காரர் 25 சதவீதம் எடுத்தால் உங்கள் கைக்கு 45 ரூபாய். பாக்கெட்டுக்கு 5.50 நஷ்டம். நேரடியாக விற்கும்போது இது தெரியாது, கடைக்குப் போட்டவுடன் கடிக்கும். 90 ரூபாய் வைத்தால் கைக்கு 67.50 வரும், 17 ரூபாய் மிஞ்சும். 90 ரூபாய் கொடுத்து வாங்க ஆள் இருக்கிறதா என்பதைப் போட்டிக்கு முன்பே இரண்டு கடையில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, இந்தக் காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்காக எல்லாரும் அந்தக் குறியீட்டை லேபிளில் போட்டுக்கொள்ள முடியாது. கிண்டியில் இருக்கும் புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிய வேண்டும். பதியாமல் ஸ்லைடில் போட்டு, நடுவர் கேட்டு விழித்தால் மற்ற எண்களையும் நம்ப மாட்டார்கள்.

ஆரணி: பட்டுத் தறிக்கு ஒரு புது அமைப்பு. மேடையில் சொன்னால் காப்பியடித்துவிடுவார்களே?

சொல்லும் முன் தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம் போட்டுவிடுங்கள். தனிநபருக்கு ஆன்லைன் கட்டணம் 1600 ரூபாய். அன்றிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரணை கொடுக்க வேண்டும், தவறினால் கைவிட்டதாகிவிடும். போட்டிக்கு முந்தின நாள் இரவு அவசரமாக எழுதாதீர்கள். அதில் எழுதாத அம்சத்துக்கு அந்தத் தேதியின் பாதுகாப்பு கிடைக்காது. ஒவ்வொரு மாற்று வடிவத்தையும் படம் வரைந்து சேருங்கள்.

நடுவர்களிடம் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்காதீர்கள், போட மாட்டார்கள். மேடையில் பலனைச் சொல்லுங்கள், உள்ளே இருக்கும் பல்சக்கரத்தின் அளவைச் சொல்ல வேண்டியதில்லை. "காப்புரிமை விண்ணப்பித்துள்ளோம்" என்று மட்டும் எழுதுங்கள். கிடைக்காத காப்புரிமையைக் கிடைத்ததாகச் சொன்னால் சட்டப்படி அபராதம் உண்டு.

வேலூர்: தமிழில் பேசலாமா?

தாராளமாக. ஸ்லைடில் தலைப்பும் எண்ணும் ஆங்கிலத்தில் இருந்தால் வெளியூர் நடுவருக்கு வசதி, பேச்சு தமிழிலேயே இருக்கட்டும். ஐந்து நிமிடத்துக்கு 450 சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள். நாலரை நிமிடத்தில் முடியும்படி பழகுங்கள், மேடையில் எப்படியும் இழுக்கும்.

வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஸ்லைடை அவர்கள் கணினியில் திறந்தால் தமிழ் போய் ஆங்கிலக் கிறுக்கலாக வரும். யூனிகோடில் அடித்து, பிடிஎஃப் ஆக்கி, பென்டிரைவிலும் மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

காட்பாடி, மாணவர்: உலர்த்தியை மேடையிலேயே ஓட்டிக் காட்டலாமா?

ஹீட்டர் எத்தனை வாட் என்று பாருங்கள் தம்பி. 2000 வாட் என்றால் 8.7 ஆம்பியர் இழுக்கும். அரங்கத்தில் கைக்கெட்டும் பிளக் பெரும்பாலும் 6 ஆம்பியர்தான், ட்ரிப் ஆகிவிடும். மூன்று பேஸ் மோட்டாரைப் பற்றி நினைக்கவே வேண்டாம். 40 வினாடி வீடியோவை பென்டிரைவில் கோப்பாகவே கொண்டு போங்கள், இணைய இணைப்பை நம்பாதீர்கள். கூடவே காயும் வற்றலும் இரண்டு கண்ணாடி ஜாடியில். கையில் வாங்கிப் பார்த்த பொருளை நடுவர் மறக்க மாட்டார்.

வாணியம்பாடி: சார், டான்சீட்டில் 10 லட்சத்துக்கு 3 சதவீதம் பங்கு கேட்கிறாங்களே, நாளைக்குக் கம்பெனி கை மாறிடுமா?

மாறாதும்மா. இப்போது உங்களிடம் 10,000 பங்கு இருந்தால் புதிதாக 310 பங்கு வெளியிடுவீர்கள், அவ்வளவுதான். பெண்கள் நடத்தும் நிறுவனத்துக்கு 15 லட்சம் வரை உண்டு, அதையும் பாருங்கள். என் கவலை வேறு. தொடக்கத்தில் உதவினார் என்று வேலையே செய்யாத உறவினருக்கு 20 சதவீதம் எழுதிக் கொடுத்திருந்தால், அதைப் போட்டிக்கு முன்பே பேசித் தீர்த்துவிடுங்கள். பங்குப் பட்டியலை நடுவர்கள் கவனமாகப் பார்ப்பார்கள்.

பணத்தை எதற்குச் செலவழிப்பீர்கள் என்ற ஸ்லைடில் "மார்க்கெட்டிங் 4 லட்சம்" என்று மொட்டையாக எழுதக் கூடாது. இயந்திரத்துக்குக் கொட்டேஷன், ஜிஎஸ்டி சேர்த்த விலை, எந்த மாதம் வாங்குவீர்கள், அதனால் மாத உற்பத்தி எத்தனையிலிருந்து எத்தனை ஆகும், எல்லாம் வேண்டும். ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதியில் மானியம் மைல்கல் பார்த்து, அதாவது சொன்ன கட்டத்தை முடித்தீர்களா என்று பார்த்து, தவணையாகத்தான் வரும். முதல் தவணையிலேயே எல்லாவற்றையும் வாங்குவதாகத் திட்டம் போட்டால் நடுவில் நின்றுவிடும்.

பேர்ணாம்பட்டு: 15,000 கொடுத்தா விண்ணப்பம் எழுதி ஜெயிக்க வைக்கிறேன்னு ஒருத்தர் சொல்றார்.

கொடுக்காதீர்கள். உத்யம் பதிவுக்கே கட்டணம் கிடையாது. மாவட்டத் தொழில் மையத்தில் இலவசமாக வழி சொல்வார்கள்.

திருப்பத்தூர்: ரெண்டு தடவை தோத்துட்டேன். அதே விண்ணப்பத்தை மறுபடி போடலாமா?

அதையே போடாதீர்கள். அரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் பேருந்து ஏறும் முன், நடுவர்கள் கேட்ட கேள்விகளை வார்த்தை மாறாமல் எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்தால் பாதி மறந்துபோகும். இரண்டு தடவையும் வந்த கேள்வி எதுவோ அதற்கு மட்டும் மூன்று மாதம் வேலை செய்யுங்கள். "யார் வாங்குவார்?" என்பதுதான் அந்தக் கேள்வி என்றால், பில் போட்டுப் பணம் வாங்கிய மூன்று வாடிக்கையாளர்கள் வேண்டும். இனாமாகக் கொடுத்துப் பாராட்டு வாங்கியது கணக்கில் சேராது. அடுத்த விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் என்ன மாறியது என்று எழுதி, அந்த மூன்று பில்லின் நகலையும் பின்னால் இணையுங்கள்.