எம்.பி.ஏ.வுக்குப் பணம் கட்டும் முன்

அம்மா, வணக்கம்.

மெக்கானிக்கல் பி.இ. முடித்த மகன் பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் கால் சென்டரில் இருக்கிறான், பக்கத்து சீட்டில் பியூசி (பன்னிரண்டாம் வகுப்பு) மட்டும் படித்த பையனும் ஏறக்குறைய அதே சம்பளம் வாங்குகிறான், அதனால் கடன் வாங்கியாவது எம்.பி.ஏ. சேர்த்துவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள் அம்மா.

1981-இல் டங்கன், ஹாஃப்மன் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்கத் தொழிலாளர்களின் படிப்பைப் பிரித்துப் பார்த்தார்கள்: செய்யும் வேலைக்குத் தேவையான படிப்பு எத்தனை ஆண்டு, அதற்கு மேல் படித்தது எத்தனை ஆண்டு என்று. கூடுதலாகப் படித்த ஆண்டுக்கும் சம்பளம் ஏறத்தான் செய்தது. ஆனால் தேவையான ஓர் ஆண்டுப் படிப்பு தரும் ஏற்றத்தில் ஏறக்குறைய பாதிதான். பிறகு பல நாடுகளில் செய்த ஆய்வுகளும் பெரும்பாலும் இதே பக்கம்தான் சாய்கின்றன. அதாவது உங்கள் மகனைப் போன்றவர்கள் பியூசி பையனைவிடச் சற்றுக் கூடுதலாக வாங்குவார்கள். டிசைன் வேலைக்குப் போன வகுப்புத் தோழனைவிடக் குறைவாக வாங்குவார்கள். ஆகவே பி.இ. வீண் என்று வீட்டில் தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்தப் பேச்சு பிள்ளைகளை நொறுக்கிவிடுகிறது.

அவன் துறையும் மாறிப் போயிருக்கிறது. ஒரே தொழிலுக்கென்று படித்தவர்கள் துறை மாறினால் இழப்பு அதிகம். நாள் ஆக ஆக, திரும்பி வருவதும் கடினம்.

எம்.பி.ஏ. முடித்தும் அதே மாதிரி வேலைதான் கிடைத்தால், அந்த இரண்டு வருடமும் தேவைக்கு மேல் படித்த கணக்கில்தான் சேரும். வட்டி மட்டும் முழுசாகக் கட்ட வேண்டும். சேரத்தான் வேண்டுமென்றால், போன வருடம் அங்கே கேம்பஸ் தேர்வில் கிடைத்த வேலைகளில் எத்தனைக்கு எம்.பி.ஏ. உண்மையிலேயே தேவைப்பட்டது என்று முதலில் கல்லூரியில் விசாரியுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போதைக்கு, ராஜாஜிநகரில் உள்ள ஜி.டி.டி.சி. என்ற அரசுத் தொழிற்பயிற்சி மையத்தில் சி.என்.சி. (கணினி இயக்கும் இயந்திரங்கள்), கேட்-கேம் (கணினி வழி வடிவமைப்பு, உற்பத்தி) குறுகிய காலப் பயிற்சிகளைப் பற்றி விசாரிக்கச் சொல்லுங்கள். எச்.ஏ.எல்., பி.இ.எல். போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் பட்டதாரிகளை அப்ரண்டிஸாக எடுக்கும் அறிவிப்புகளையும் கவனிக்கட்டும். அங்கே நிரந்தர வேலைக்கு உறுதி கிடையாது, உதவித்தொகை இப்போதைய சம்பளத்தைவிடக் குறையவும் கூடும். ஆனாலும் அவன் படித்த துறையில் அனுபவம் சேரும். பீன்யா, பொம்மசந்திரா தொழிற்பேட்டைகளில் உள்ள பட்டறைகளில் அதற்கு மதிப்புண்டு. கன்னடம் சரளமாகப் பேசுவான் என்றால் ரொம்ப நல்லது, இயந்திரங்கள் ஓடும் ஷாப் ஃப்ளோரில் அது வேண்டும்.

அப்புறம், இந்த முடிவை அவனில்லாமல் எடுக்காதீர்கள். ஷிஃப்ட் இல்லாத நாளில் அவனையே என்னிடம் பேசச் சொல்லுங்கள்.