மண்ணில்லா விவசாயம்: கேள்வி பதில்

கேள்வி: வாளி நிறைய உரம் கரைத்த தண்ணீர் இருந்தும் மதியம் ஆனால் லெட்யூஸ் கீரை துவண்டு விடுகிறது. உரத்தைக் கூட்டலாமா?

வேண்டாம். முதலில் செடியைத் தூக்கி வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருக்கும், நாற்றம் இருக்காது. பழுப்பாகி, கொழகொழவென்று, லேசாக இழுத்தாலே மேல்தோல் கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால் அது வேரழுகல். பெரும்பாலும் பித்தியம் என்ற நோய்க்கிருமியின் வேலை.

தண்ணீருக்குள்ளேயே இருந்தாலும் வேர் மூச்சு விட்டாக வேண்டும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். அதே சூட்டில் வேருக்குத் தேவையோ கூடுகிறது. அதனால்தான் வெயில் ஏறியதும் செடி துவள்கிறது. அழுகியதை வெட்டிவிட்டு, வாளியைக் கழுவி, புது உரக் கரைசல் ஊற்றுங்கள். தண்ணீருக்குள் காற்றை ஊதும் ஏர் பம்ப் போடுங்கள். வாளிக்கு வெயில் படாமல் நிழல் கட்டுங்கள். முக்கால்வாசி வேர் போயிருந்தால் அந்தச் செடியை விட்டுவிடுவதே நல்லது.

கேள்வி: பம்ப் இல்லாமல் வளர்க்கவே முடியாதா?

தாராளமாக முடியும். ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பரப்பிய முறை அதுதான். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும், வெளியே தெரியும் மேல்வேர் காற்றை வாங்கிக்கொள்ளும். மட்டம் குறைந்துவிட்டதே என்று பயந்து மறுபடி விளிம்பு வரை ஊற்றிவிடாதீர்கள், காற்றுக்குப் பழகிய வேர் மூழ்கிவிடும். கீரை வகைகளுக்கு அருமையான முறை. தக்காளி குடிக்கும் வேகத்துக்குச் சின்ன வாளி தாங்காது.

கேள்வி: ஏ, பி என்று உரம் இரண்டு பாட்டிலில் வருகிறதே, ஒன்றாகக் கலந்து வைத்தால் என்ன?

அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். ஒன்றில் கால்சியம் இருக்கிறது, மற்றதில் சல்பேட்டும் பாஸ்பேட்டும். அடர்த்தியாகச் சேர்ந்தால் கரையாத உப்பாகி, செடிக்குக் கிடைக்காமல் போகும். தொட்டித் தண்ணீரில் ஏ-யை ஊற்றிக் கலக்குங்கள், அப்புறம் பி.

கேள்வி: யூரியா போடலாமா?

கூடாது. மண்ணில் நுண்ணுயிர்கள் அதைப் படிப்படியாக நைட்ரேட்டாக்கித் தருகின்றன. தொட்டியில் அந்தக் கூட்டம் போதுமான அளவு இருக்காது. நைட்ரேட் உரமே சரி.

கேள்வி: குருத்திலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை. ஈ.சி. (கரைசலில் உள்ள உப்பின் அளவு) சரியாகத்தான் காட்டுகிறது.

இரும்புக் குறையின் அடையாளம். ஈ.சி. மீட்டர் மொத்த உப்பைத்தான் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) பாருங்கள். 5.5 முதல் 6.5 வரை இருக்கவேண்டும். அதைத் தாண்டி ஏறினால் தொட்டியில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. பி.எச்.சை இறக்கிய பிறகு வரும் புது இலையைப் பாருங்கள், பழைய இலை முழுதாகப் பச்சையாகாமல் போகலாம். மஞ்சள் அடியிலையில் தொடங்கியிருந்தால் கதை வேறு, நைட்ரஜனைச் சந்தேகிக்கலாம்.

கேள்வி: ஈ.சி. தானாகவே ஏறுகிறது.

செடி உப்பைவிடத் தண்ணீரை அதிகம் குடிக்கிறது. வெறும் தண்ணீர் சேருங்கள். ஈ.சி. இறங்கினால் உரக் கரைசல்.

கேள்வி: தொட்டியில் பச்சைப் பாசி.

எங்கிருந்தோ வெளிச்சம் புகுகிறது. மூடியில் காலியாக விட்ட ஓட்டைகளை முதலில் அடையுங்கள்.