லினக்ஸில் டயல்-அப் இணைகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை. எங்கே கோளாறு?

மோடம் டயல் செய்து, கீச்சொலி அடங்கி, கனெக்ட் என்று வந்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் மோடத்தையும் டிரைவரையும் தொடாதீர்கள், அவை தம் வேலையை முடித்துவிட்டன. மோடத்தோடு நேரடியாகப் பேச உதவும் மினிகாம் நிரலில் ஏடி (AT) என்ற கட்டளையைத் தட்டினால் ஓகே என்று பதில் தராத மோடம்தான் வேறு கதை. அது பெரும்பாலும் விண்டோஸ் மென்பொருளை நம்பி இயங்கும் வின்மோடமாக இருக்கும், அல்லது தவறான போர்ட்டைத் திறந்திருப்பீர்கள்.

உங்கள் சிக்கல், தொலைபேசி இணைப்பின் மேல் இணையத் தொடர்பை ஏற்படுத்தும் பிபிபி (PPP) கட்டத்திலோ அதற்குப் பிறகோ இருக்கிறது. அதை நடத்தும் பிபிபிடி நிரலின் அமைப்புக் கோப்பில் டீபக் (debug) என்று ஒரு வரி சேர்த்து, மறுபடி டயல் செய்து, சிஸ்டம் லாகைப் படியுங்கள். நம் பக்கமிருந்து இணைப்பைத் தொடங்கக் கேட்கும் எல்சிபி கோரிக்கை திரும்பத் திரும்பப் போகிறது, பதிலே இல்லை என்றால், எதிர்முனை இன்னும் பயனர்பெயரைக் கேட்டுக் காத்திருக்கக்கூடும். டயல் செய்யும்போது நடக்கும் கேள்வி-பதிலை எழுதிவைக்கும் சாட் ஸ்கிரிப்டில் அதற்குப் பதில் எழுத வேண்டும். பதில் வந்து, அப்புறம் துண்டிக்கப்பட்டால் கடவுச்சொல்லைப் பாருங்கள். கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறைகளான பாப், சாப் இரண்டின் சீக்ரெட்ஸ் கோப்புகளிலும் அதே வரி இருப்பது நல்லது.

பிபிபி0 என்ற டயல்-அப் இடைமுகத்துக்கு ஐபி முகவரியும் கிடைத்துவிட்டதா? சரி, இப்போது எண் முகவரி ஒன்றுக்குப் பிங் அனுப்பி, பதில் வருகிறதா என்று பாருங்கள். எண்ணுக்குப் போய், பெயருக்குப் போகவில்லை என்றால் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் காரணம். பிபிபிடி அமைப்புக் கோப்பில் யூஸ்பியர்டிஎன்எஸ் (usepeerdns) என்று சேர்த்தால் சேவையாளர் தரும் டிஎன்எஸ் முகவரிகள் ஈடிசி/பிபிபி அடைவில் உள்ள ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் விழும். ஆனால் மற்ற நிரல்கள் படிப்பது ஈடிசியில் நேரடியாக இருக்கும் ரிசால்வ்.கான்ஃபை. முதல் கோப்பில் உள்ள வரிகள் இரண்டாவதிலும் இருக்கின்றனவா என்று திறந்தே பார்த்துவிடுங்கள்.

எண்ணுக்கும் பிங் போகவில்லை என்றால், என் சந்தேகம் முதலில் பாக்கெட்டுகள் போகும் வழியான ரூட் (route) மேல்தான் விழும். கணினியில் நெட்வொர்க் கார்டு இருந்து, அதற்கு ஏற்கெனவே ஒரு டிஃபால்ட் ரூட் (வேறு வழி குறிக்கப்படாத பாக்கெட்டுகள் போகும் வழி) போடப்பட்டிருந்தால், நீங்கள் டிஃபால்ட்ரூட் என்று எழுதியிருந்தாலும் பிபிபிடி வழக்கமாக அதை மாற்றாது. இருக்கும் ரூட்டை மாற்றவில்லை என்று லாகில் ஒரு வரி மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடும். இணைப்பு உயிரோடு இருக்கும், பாக்கெட்டுகளோ அந்த கார்டு வழியாகப் போய்த் தொலையும். நிர்வாகிப் பயனராக (root) நுழைந்து 'ரூட் டெல் டிஃபால்ட்' (route del default) கொடுத்து, அதன் பிறகு டயல் செய்யுங்கள்.

இதிலும் சரியாகவில்லை என்றால் அந்த லாகின் கடைசி இருபது வரிகளைக் கேள்வியில் சேருங்கள், பார்த்துச் சொல்கிறேன். அந்த வரிகளில் கடவுச்சொல் தென்பட்டால் அதை மட்டும் அழித்துவிடுங்கள்.