ஈவாருக்கு நெஜமாவே எலும்பு இல்லையா?

காலேஜ் படிக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார்: வைக்கிங் தலைவர் ஈவார் பத்தி யூடியூப் வீடியோ பண்றேன், 'எலும்பில்லாதவன்'ங்கிற பட்டப்பேர் எலும்பு ஒடியுற நோயாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்லலாமா?

வேணாம் தம்பி. இதுதான் அவர் எலும்புன்னு உறுதியா சொல்ற மாதிரி ஒண்ணுமே கிடைக்கல, அப்புறம் எதை வச்சு நோயைக் கண்டுபிடிக்கிறது? அது பிற்காலத்து யூகம், யூகம்னே சொல்லுங்க.

வைக்கிங்குகள் பேசின பழைய நார்ஸ் மொழியில அந்தப் பட்டப்பேர் 'பெய்ன்லவுசி'. 'பெய்ன்'னா எலும்பு, கால் ரெண்டும்தான், இன்னைக்கும் ஸ்வீடிஷ்ல 'பென்'னு ரெண்டுக்கும் ஒரே வார்த்தை, அதனால 'கால் இல்லாதவன்'னும் படிக்கலாம். ஈவாரோட அப்பான்னு கதைகள் சொல்ற ராக்னாரைப் பத்தின சாகா, அதாவது பழைய ஐஸ்லாந்து வீரக்கதை, என்ன சொல்லுதுன்னா, எலும்பு இருக்க வேண்டிய இடத்துல குருத்தெலும்புதான் இருந்துச்சாம், நடக்க முடியாம ஆளுங்க தூக்கிட்டுப் போவாங்களாம். ஆனா அது 13ஆம் நூற்றாண்டுல ஐஸ்லாந்துல எழுதினது, ஈவார் செத்து ஏறக்குறைய 400 வருஷம் கழிச்சு! லத்தீன்ல 'வெறுக்கத்தக்கவன்'னு இருந்த வார்த்தையை யாரோ 'எலும்பில்லாத'ன்னு பிரிச்சுப் படிச்சுட்டாங்கன்னும் ஒரு வாதம் உண்டு, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. ஈவார்ங்கிற சொந்தப் பேருக்கு வில்வீரன்னு பொதுவா பொருள் சொல்வாங்க, பேரோட முதல் பாதி யூ மரத்தைக் குறிக்கும், அந்த மரத்துல அப்போ வில் செய்வாங்க.

நோயையே பேசிட்டு ஆள் என்ன பண்ணார்னு விட்டுடுறாங்க, அதுதான் எனக்கு வருத்தம். 865ல ஈவாரும் சேர்ந்து நடத்தின வைக்கிங் பெரும்படை இங்கிலாந்துல கிழக்கு ஆங்கிலியாவுல இறங்குது, 866ல வடக்கே நார்தம்பிரிய நாட்டு யார்க் நகரம் விழுது, அதை மீட்க வந்த நார்தம்பிரிய ராஜாக்கள் ரெண்டு பேரும் 867ல செத்துப்போறாங்க, 869ல கிழக்கு ஆங்கிலியா ராஜா எட்மண்டைக் கொல்றாங்க. அயர்லாந்து ஆண்டுக்குறிப்புகள்ல வர்ற 'ஈமார்' இவர்தான்னு ஆய்வாளர்கள் பலர் ஏத்துக்கிறாங்க. அந்த ஈமாரும் இன்னொரு வைக்கிங் ராஜாவான ஓலாஃபும் 870ல ஸ்காட்லாந்து டம்பார்டன் பாறைக்கோட்டையை நாலு மாசம் முற்றுகை போட்டுப் பிடிச்சு, அடுத்த வருஷம் 200 கப்பல்ல கைதிகளை ஏத்திக்கிட்டு டப்ளின் திரும்புறாங்க. 873ல அவர் இறந்ததை எழுதுறப்போ 'அயர்லாந்து, பிரிட்டன் முழுசுக்கும் நார்ஸ்காரங்களோட ராஜா'ன்னு குறிச்சிருக்காங்க, உடம்புல குறை இருந்ததா ஒரு வார்த்தை இல்ல.

அதனால வீடியோவை 873 குறிப்புல ஆரம்பிங்க, சாகா கதையை சாகான்னு சொல்லியே சொல்லுங்க, நோய் பத்தி அதுக்கப்புறம் ரெண்டு வரி போதும். டைட்டில்ல 'ஐவர்'னு போடாதீங்க, அஞ்சு பேர்னு படிச்சுடுவாங்க, 'ஈவார்'னே எழுதுங்க, மூல உச்சரிப்புக்கும் அதுதான் கிட்ட வருது.