பழைய பள்ளிவாசலுக்கு வெளியூர்க்காரர்களை வரவழைப்பது எப்படி?

அதிகம் பேர் அறியாத ஒரு பள்ளிவாசலையோ தர்காவையோ ஆன்மிகச் சுற்றுலாத் தலமாக்க எங்கே தொடங்குவது என்பது கேள்வி. பலரும் விளம்பரத்தில் தொடங்குகிறார்கள். நான் உளூ செய்யும் இடத்தில், அதாவது தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவும் இடத்தில் தொடங்கச் சொல்வேன். தண்ணீர், சுத்தமான கழிப்பறை, பெண்கள் தொழத் தனி இடம் இவை இல்லாவிட்டால் குடும்பத்தோடு வந்தவர் மறுமுறை வரமாட்டார்.

அடுத்தது கதை. இந்தோனேசியாவின் டெமாக் பெரிய பள்ளிவாசலில் ஒரு தூண் ஒற்றை மரத்தில் ஆனதல்ல. துண்டு துண்டான மரங்களைச் சேர்த்துக் கட்டியது. ஜாவாவில் இஸ்லாத்தைப் பரப்பிய இறைநேசர்களில் ஒருவரான சுனன் காலிஜாகா செய்தார் என்பது வழிவழிச் செய்தி. உங்கள் இடத்திலும் அப்படியொரு தூணோ கல்வெட்டோ இருக்கலாம். பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். எது வரலாறு, எது செவிவழி என்று பிரித்தே சொல்லுங்கள்.

கூட்டம் வந்தபின்தான் உண்மையான சிக்கல். மாலி நாட்டின் ஜென்னேயில், 1907-இல் எழுந்த மண் பள்ளிவாசலுக்கு ஆண்டுதோறும் ஊரே திரண்டு மண் பூசும். 1988-இல் அந்தப் பழைய நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. பிறகு பள்ளிவாசலுக்குள் பேஷன் புகைப்படம் எடுத்தார்கள். ஊர் கொதித்துப்போய், முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் கதவை அடைத்துவிட்டது. அதனால் உடை, கேமரா, தொழுகை நேர விதிகளை ஜமாஅத்தே முதலில் முடிவுசெய்யட்டும். டிராவல்ஸ்காரரை அப்புறம் கூப்பிட்டுக்கொள்ளலாம்.